பதினோராம் நம்பர் கடை

அந்த நம்பரை அழித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் பன்னிரண்டு நாள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு திரிந்தவனும் நான்தான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முந்திய காலை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் கடை முகப்புக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கம். இந்த முறை சுண்ணாம்புக்குப் பதில், பக்கத்து ஹார்ட்வெயார் கடையில் விலைபோகாமல் கிடந்த இளம்பச்சைப் பெயின்ட். ஐம்பத்து நான்கு வயதில் ஏணியில் ஏறி, இடுப்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நானும் உழைக்கிறேன் என்று பஸார் முழுவதற்கும் காட்டிக்கொண்டிருந்தேன். கதவுக்கு மேலே யாரோ சிவப்பில் வட்டம் போட்டு 11 என்று எழுதியிருந்தார்கள். ஏதோ கிரிக்கெட் மேட்ச் விளம்பரமாக்கும் என்று நினைத்தேன். பதினொரு பேர்தானே ஆடுவார்கள்! என் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அண்ணி பிளேன்டீ கொண்டுவந்து படியில் வைத்தார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

“எத்தன கோட்டு தம்பி?”

“மூணு அண்ணி. அடியில இருக்குறது எதுவும் இனி ஜென்மத்துக்கும் தெரியாது.”

“அப்பிடியா?” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அது விளம்பரமில்லை. நிவித்திகலையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் தள்ளியிருக்கும் எங்கள் சின்ன டவுனின் பழைய பஸார் வரிசையை இடித்துவிட்டு, மூன்று மாடியில் புதுக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். பாவனையில் உள்ள ஒவ்வொரு கடைக்கும் புதுக் கட்டடத்தில் ஓர் இடம். அதற்காக டிசம்பரில் போட்ட நம்பர் அது. ‘நம்பரை யாரும் அழிக்காதீர்கள், ஜனவரியில் வந்து சரிபார்ப்போம், அன்றைக்குக் கடை திறந்திருக்க வேண்டும்’ என்று ஒரு கூட்டம் வைத்துத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு அண்ணன் என்னைத்தான் அனுப்பினார். நானும் போனேன். கிரிபத் என்று பாற்சோறு தந்தார்கள், தின்றேன். காற்றாடிக்குக் கீழே நல்ல கதிரை கிடைத்தது, கண்ணை மூடினேன். கைதட்டும் சத்தத்தில் எழும்பி நானும் தட்டினேன்.

“என்னடா சொன்னாங்க?” என்று அண்ணன் கேட்டதற்கு, “எல்லாம் நல்லதாத்தான் சொன்னாங்கண்ணே” என்றேன்.

சரிபார்க்க வந்தது மாட்டுப் பொங்கலன்று. பொங்கலுக்குத்தான் அரசாங்க லீவு, மாட்டுப் பொங்கலுக்கு இல்லையே! பஸாரில் எங்களைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் சிங்களவர்களும் முஸ்லிம்களும். பதின்மூன்று கடைகளும் பளிச்சென்று திறந்திருந்தன. நாங்கள் மட்டும் கதவைப் பூட்டி மாவிலை கட்டிவிட்டு, ஓப்பநாயக்கப் பக்கம் அண்ணி பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அவருடைய தம்பியின் பசுவுக்குக் கொம்பில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கும் பெயின்ட் வேலை எனக்குத்தான். அங்கே போக வேண்டும் என்று கேட்டவர் அண்ணி. பல வருஷங்களில் அவர் தனக்காகக் கேட்ட ஒரே விஷயம் அது.

நம்பர் இல்லாத, பூட்டிய கடை. பாவனையில் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் என்ன பிழை?

புதுக் கட்டடத்தில் இடம் கிடைக்கும் கடைகளின் பட்டியல் ஒட்டப்பட்ட காலையில் அண்ணி ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்கப் பஸ் ஸ்டாண்டுக்குப் போன அண்ணன், போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்தார்.

“பதிமூணு கடை! பதிமூணே கடை! நம்ம கடையக் காணோம்!”

எனக்குக் கை நின்றுவிட்டது.

“நம்பர் எங்க போச்சு? முகப்புல இருந்த நம்பர் எங்க? எவன் அழிச்சது?”

என் அண்ணன் இராமையாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் நான் தண்ணீர்க் குழாயை மூட மறந்து மாவு மூட்டைகளை நனைத்தபோது, “இன்னொரு தடவ ஏதாவது பண்ணுன, பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிரு!” என்று பஸாரே கேட்கச் சொன்னார். சொன்னால் செய்கிற மனிதர். கல்யாணம் காட்சி இல்லாமல் கடைக்கு மேல் அறையில் குடியிருக்கும் எனக்குப் பெட்டி கட்ட அரைமணி நேரம் போதும். கட்டின பெட்டியோடு எங்கே போவது என்பதுதான் தெரியாது.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது உண்மை. ஆனால் அதற்குள் அண்ணியின் குரல் வந்துவிட்டது.

“நான்தான் அடிக்கச் சொன்னேன்.”

“நீயா?”

“பொங்கலுக்கு மொகப்பு நல்லா இருக்கட்டும்னு நான்தான் தம்பிக்கிட்ட அடிக்கச் சொன்னேன். நம்பர் மேலயும் அடிங்கன்னு சொன்னேன்.”

பொய்! பச்சைப் பொய்! இளம்பச்சைப் பொய்!

“மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போகணும்னு நின்னதும் நீதான்...” அண்ணன் மேசையில் அடித்தார். “எங்கப்பா வெறும் கையோட தோட்டத்துலருந்து எறங்கி வந்து போட்ட கடைடீ இது! நல்லா இருந்த காலத்துலயும் நாந்தான் பாத்தேன், நாசமா போன காலத்துலயும் நாந்தான் பாத்தேன். கடைசியில ஒரு சட்டிப் பெயின்ட்ல முடிச்சிட்டியே புஷ்பம்... ஒனக்கு இந்தக் கடை மேல எப்பவாவது பாசம் இருந்திச்சா?”

அண்ணி பிசைந்த மாவை உருட்டி, ஈரத்துணியைப் போட்டு மூடினார். கண்ணைத் துடைக்கவில்லை. கை முழுக்க மாவு, எப்படித் துடைப்பார்?

“ரொட்டி கேட்டு ஆள் வருது. நகருங்க” என்றார்.

*

‘நான்தான் பார்த்தேன்’ என்று அண்ணன் சொன்னது அவரைப் பொறுத்தவரை பொய்யில்லை. அவர் பார்த்தார். செய்தது யார் என்பதுதான் கேள்வி.

அண்ணி கல்யாணமாகி வந்த அடுத்த வருஷம் எங்கள் பக்கத்தில் இரத்தினக் கல் கொட்டிய காலம். வயல் ஓரத்தில் பத்தடி தோண்டினால் நீலம், பதினைந்தடி தோண்டினால் புஷ்பராகம் என்று பேச்சு. குழிக்காரர்களுக்குக் கடையிலிருந்து சோறு போவது அந்தக் காலத்து முறை. நிலத்துக்காரனுக்கு ஒரு பங்கு, பம்ப் வைத்தவனுக்கு ஒரு பங்கு என்பதுபோல, சோறு போட்டவனுக்கும் ஒரு பங்கு. அண்ணி இருபது பேருக்குச் சமைத்து அனுப்புவார், பங்கு அண்ணன் கைக்கு வரும்.

என்ன ஒரு பஸார் அது! இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு குழியில் கல் வந்தால் வீதியே வெடி கொளுத்தும். காலில் சேறு காயாமலே வந்து ஆளுயர ரேடியோ செட் வாங்கிப் போவார்கள், வீட்டில் கரண்ட் இருக்காது. சலூன்காரர் நான்கு சுவருக்கும் கண்ணாடி மாட்டினார். உள்ளே போனால் நாற்பது பேர் முடி வெட்டுகிற மாதிரி இருக்கும். எனக்குக்கூட அந்த வருஷம் மூன்று இடத்திலிருந்து வரன் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்து முடிப்பதற்குள் கல் நின்றுவிட்டது, வரனும் நின்றுவிட்டது.

அதே வருஷம்தான் அண்ணிக்கு ஓப்பநாயக்கப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நியமனம் வந்தது. மஞ்சள் உறையில் கடிதம். அண்ணி அதை இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தார். அண்ணன் பாதிக் கடையை மறித்து, சுழலும் கதிரை போட்டு, கல் வாங்கும் ஆபீஸ் திறந்திருந்த நேரம். “இராமையா முதலாளி பொண்டாட்டி மாசச் சம்பளத்துக்குப் போறதா? குழிக்கு யாரு சோறு போடுறது?” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அண்ணி சிரித்தாரா என்று அப்போது நான் பார்க்கவில்லை.

பிறகு கல் வாங்குகிற பெரிய ஆட்கள் எல்லாரும் மடகஸ்காருக்குப் பிளேன் ஏறிவிட்டார்கள். ஒரே வருஷத்தில் வீதி வெறிச்சோடியது. சலூன் கண்ணாடிகளில் நாற்பது வெறும் கதிரைகள் தெரிந்தன. அண்ணன் சுழலும் கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சுழன்றார். அண்ணி ஒன்றும் சொல்லாமல் கல் ஆபீஸ் மேசையை வாசலுக்கு இழுத்துவந்து, அதன் மேல் ரொட்டி தட்டத் தொடங்கினார். அந்த ரொட்டியில்தான் அவருடைய மகள் பிரஷாந்தினி படித்தாள்.

அப்புறம் றப்பர் விலை ஏறியது. அண்ணன் ரொட்டிக் கடையை ஒதுக்கிவிட்டு, கூரை வரை றப்பர் ஷீட் அடுக்கினார். இன்னும் ஏறும், இன்னும் ஏறும் என்று காத்திருந்தார். ஏறியதெல்லாம் நாற்றம்தான். விலை விழுந்தபோது அந்த நாற்றத்தைப் போக்க அண்ணி மூன்று மாதம் தேசிக்காய்ச் சாறும் சாம்பலும் போட்டுத் தரையைக் கழுவினார். மறுபடியும் மேசை வாசலுக்கு வந்தது. கடைசியாக, கேஸும் இல்லை பெற்றோலும் இல்லை என்று ஊர் முழுக்க வரிசையில் நின்ற வருஷம். வரிசை எங்கள் வாசல் வரை நீண்டது. விறகடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அவித்து, சம்பல் இடித்து, மூன்றாம் தடவையாக அந்த மேசையை வாசலுக்கு இழுத்து, நிற்கிறவர்களுக்கு வாழையிலையில் வைத்துக் கொடுத்தவர் அண்ணி. அண்ணனும் நானும் வரிசையில் நின்றோம். அதுவும் வேலைதானே!

இப்படி, ஏறும்போதெல்லாம் கடை அண்ணனுடையது, விழும்போதெல்லாம் அண்ணியுடையது.

*

பட்டியலில் விடுபட்டவர்கள் முறையிடலாம், பன்னிரண்டாம் நாள் விசாரணை என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் அண்ணன் அண்ணியோடு பேசவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துப் பேசினார். “உப்புப் போட மறந்திருக்கு. கடையே மறந்துபோச்சு, உப்பா பெருசு?” கோப்பை என்ன பதில் சொல்லும்?

நான் ஒவ்வொரு நாளும் அடுப்படிக்குப் போய்க் கேட்பேன்.

“ஏன் அண்ணி அப்பிடிச் சொன்னீங்க? நானாத்தானே அடிச்சேன்?”

“தம்பி, அந்த வெங்காயத்த உரிச்சுத் தாங்க.”

அடுத்த நாள், “அண்ணி, நான் போயி அண்ணன்கிட்ட சொல்லிடுறேன். எனக்காக நீங்க ஏன் ஏச்சு வாங்கணும்?”

“சோமே அய்யா வெத்தல இல்லன்னாரு. ஓடிப்போயி வாங்கிட்டு வாங்க.”

வெங்காயம் உரித்தேன், கடை வாசலிலேயே பொழுதைக் கழிக்கும் அந்தக் கிழவருக்கு வெற்றிலை வாங்கினேன், தேங்காய் துருவினேன். பதில் மட்டும் வரவில்லை. சொல்லிவிடுகிறேன் என்றேனே தவிர, நானும் சொல்லவில்லை. எனக்காக ஒருத்தி சிலுவை சுமக்கிறாள் என்று நினைக்க உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கேவலத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் நாள் பின்னேரம் அண்ணி ஒரு பையில் நான்கு சேலையை மடித்து வைப்பதைப் பார்த்தேன்.

“எங்க அண்ணி?”

“பிரஷாந்தினி வத்தளைக்கு வரச்சொல்றா. நாளைக்கு ஆபீஸ் வேல முடிஞ்சதும் போறேன்.”

“எப்ப வருவீங்க?”

“இதுல ஊசி குத்தி வச்சேன், காணோமே...” என்று சேலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. நான் சாப்பிடாமல் எழும்புவது கடை வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

*

விசாரணை இரத்தினபுரியில், புதுக் கட்டடத் திட்ட அலுவலகத்தில். நடுத்தர வயதுச் சிங்களப் பெண் ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். திலினி மிஸ். சாந்தமான முகம். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் உட்கார்ந்தார். அண்ணி பின்வரிசையில், மடியில் அந்தப் பையோடு. அவருக்குப் பக்கத்தில் சாட்சிக்கு வந்த ஹார்ட்வெயார் மைமூனா ராத்தாவும், ஒரு காலத்துக் குழிக்காரர் சோமே அய்யாவும். எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது தண்ணீர் பட்ட பாடு.

“கடையை நடத்துவது யார்?”

“நான்தான் மிஸ். முப்பத்தஞ்சு வருஷமா” என்றார் அண்ணன்.

“காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?”

“எட்டு மணிக்கு.”

பின்னாலிருந்து மைமூனா ராத்தா தமிழில் வாய்விட்டுவிட்டார். “எட்டா! ரொட்டி வாசம் மூக்குல ஏறித்தான் நான் சுபஹுத் தொழுகைக்கே எழும்புற! எட்டு மணிக்கு நீங்க எழும்புறீங்க முதலாளி, கடை எழும்புற இல்ல!”

மிஸ்ஸுக்குத் தமிழ் விளங்கும் போலிருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“மாவு எங்கே எடுக்கிறீர்கள்?”

அண்ணன் யோசித்தார். “முன்னாடி இரத்தினபுரியில... இப்ப...” திரும்பிப் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாக அவர் பதில் தெரியாதபோதெல்லாம் திரும்பிப் பார்ப்பது ஒரே பக்கம்தான். அண்ணி தலையைக் குனிந்திருந்தார்.

“இப்போது கடையில் என்ன விற்கிறீர்கள்?”

“ரொட்டி... தேத்தண்ணி... அப்புறம் பின்னேரம்...” அண்ணனின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

“இடியப்பம்” என்றது ஒரு சின்னக் குரல். அண்ணியுடையது.

மிஸ் பேனாவை வைத்தார். “நம்பர் ஏன் அழிக்கப்பட்டது?”

அண்ணன் எழும்பினார். “மிஸ், என் பொண்டாட்டி செஞ்ச முட்டாள்தனம்...”

இங்கேதான் எனக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. தைரியம் என்றுகூடச் சொல்ல முடியாது, விக்கல் வருகிற மாதிரி வந்துவிட்டது.

“அவங்க இல்ல மிஸ்! நான்தான்! யாரும் சொல்லல, நானாத்தான் அடிச்சேன். மூணு கோட்டு! கூட்டத்துல தூங்கிட்டேன், அதனால நம்பர் என்னன்னே தெரியாது. கிரிக்கெட் மேட்ச்னு நெனச்சேன்!”

மிஸ் பேனாவை மறுபடி கையில் எடுத்தார். பிறகு சோமே அய்யா பொக்கை வாயால் சிரிக்கத் தொடங்கினார்.

“நீயாடா?” என்றார் அண்ணன்.

“நான்தாண்ணே. பெட்டியக் கட்டச் சொல்லுங்க, கட்டுறேன். ஆனா அண்ணிய ஏசாதீங்க.”

அண்ணன் அண்ணி பக்கம் திரும்பினார். “அப்ப நீ ஏன்டீ... பன்னெண்டு நாளா நான் பேசுன பேச்செல்லாம்... நீ ஏன் வாயத் தொறக்கல?”

அண்ணி பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

சோமே அய்யா சிரிப்பை நிறுத்திவிட்டு எழும்பினார். எண்பது வயது, ஊன்றுகோல். “மிஸ், கல் வராமல் எங்கள் குழி எட்டு மாதம் தண்ணீராக நின்றது. முதலாளி கைவிட்டுவிட்டார், பிழையில்லை, யார்தான் விட மாட்டார்கள்? ஆனால் சோறு நிற்கவில்லை. தினமும் பகல் பன்னிரண்டுக்கு வந்தது. இந்தத் தங்கச்சிதான் தலையில் சுமந்து வருவார். பொம்பளை குழிக்குக் கிட்ட வரக் கூடாது என்று எங்கள் ஆட்கள் கத்துவார்கள். வரம்பிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தக் குழியில் கடைசி வரை ஒரு கல்லும் வரவில்லை மிஸ். எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்கவும் இல்லை.”

இது எனக்கே தெரியாது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரியாது.

மிஸ் எழும்பி, மேசையைச் சுற்றி நடந்து, அண்ணியின் முன்னால் வந்து நின்றார். “அக்கா, நம்பர் பெரிய விஷயமில்லை, அதைத் திரும்பப் போடலாம். யார் கடை நடத்துகிறார்களோ அவர்கள் பெயரைத்தான் நான் எழுத வேண்டும். நீங்களே சொல்லுங்கள். இது யாருடைய கடை?”

அண்ணி நிமிர்ந்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

“எழுதுங்க மிஸ்” என்றார் கடைசியில். “புஷ்பம்னு எழுதுங்க. என் பேரு வேணாம். நான்... நான் அந்தக் கடையில ஒக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.”

“முழுப் பெயர்?”

அண்ணி எழும்பி நின்றார். பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற ஆசிரியை மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்க, தகப்பன் பெயரோடு தன் பெயரைச் சொன்னார். “இலட்சுமணன் புஷ்பம்.”

*

வெளியே அலுவலகப் படிக்கட்டில் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது மனிதர், பட்டப்பகலில், போகிற வருகிறவர்கள் பார்க்க, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

“ஒனக்கு வந்த அந்தக் கடுதாசி... டீச்சர் வேலைக் கடுதாசி... நான் சிரிச்சேனே புஷ்பம்! எல்லாரையும் சேத்துக்கிட்டுச் சிரிச்சேனே! ஒனக்குப் பாசம் இருந்திச்சான்னு வேற கேட்டேன்... என்னைய நாலு அறை அறைஞ்சிருக்கலாமே!”

அண்ணி பையைப் படியில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய கண்ணிலிருந்தும் கொட்டியது. இந்த முறை கையில் மாவு இல்லை, ஆனாலும் துடைக்கவில்லை.

“அறைஞ்சா கை வலிக்கும். பின்னேரம் இடியப்பம் யாரு புழியிறது?” என்றார் அழுதுகொண்டே.

மைமூனா ராத்தா மூக்கைச் சிந்தினார். “யா அல்லாஹ், வீட்டுக்குப் போய் அழுங்களேன். றோட்டுல ஈக்கிற சனமெல்லாம் பாக்குது!”

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பின்வாங்கினேன்.

“டேய் முத்து, பெட்டி கட்ட வேணாம்.”

“சரிண்ணே.”

“ஆனா இனிமே கூட்டத்துக்கு நான் போறேன்.”

வத்தளைக்குப் போகிற பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அண்ணி அதைப் பார்த்தார், எழும்பவில்லை. நாங்கள் எல்லாரும் எதிர்ப்பக்கம் நிவித்திகலை பஸ்ஸுக்கு நின்றோம்.

*

கடையை இடிக்க வருவதற்கு முந்திய வாரம். பொருளையெல்லாம் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் மாவு வாங்க நிவித்திகலைக்குப் போயிருந்தார். இப்போதெல்லாம் அவர்தான் போகிறார். முதல் தடவை கோதுமை மாவுக்குப் பதில் குரக்கன் மாவு வாங்கிவந்தார், அதை நாங்கள் சொல்லிக்காட்டுவதில்லை.

வீதியில் பாதிக் கடைகள் ஏற்கெனவே காலி. சலூன் சுவரில் கண்ணாடி மாட்டிய ஆணிகள் மட்டும். மூன்று மாடி எழும்பிய பிறகு, யாருக்கும் இந்த வரிசை எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கும். ஆனால் என் ஞாபகத்தை யார் நம்புவார்கள்?

அண்ணி சட்டிகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். ஓடுவதற்கு வெற்றிலை இல்லை, உரிப்பதற்கு வெங்காயம் இல்லை. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணி, இன்னிக்கு நேரா சொல்லணும். என்னைய காப்பாத்தத்தானே பொய் சொன்னீங்க?”

“இல்ல தம்பி.”

நான் எதிர்பார்த்த பதில் இதுவல்ல.

“பின்ன?”

சட்டியைக் கீழே வைத்தார். “நீங்க கூட்டத்துல தூங்குன அன்னிக்கே மைமூனா ராத்தா வந்து எல்லாம் சொல்லிட்டாங்க. நம்பர் என்னத்துக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க ஏணியில நின்னு அது மேல அடிக்கிறப்போ, நான் கீழ நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?”

எனக்கு ஏணி கீழே நழுவின மாதிரி இருந்தது. “தெரிஞ்சுமா... ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“வாய் வரைக்கும் வந்திச்சு. அப்ப பாத்து ஒண்ணு தோணிச்சு. அழிஞ்சா அழியட்டுமே. புதுக் கட்டடம் வரும், நல்லா ஓடும், அப்புறம் ஒரு நாள் விழும். விழுந்தா அந்த மேசைய யாரு வாசலுக்கு இழுக்குறது? நான் ஓய்ஞ்சு போயிட்டேன் தம்பி. வந்து மூணு தடவ இழுத்துட்டேன். நாலாவது தடவைக்கு முதுகு இல்ல. அதான் பேசாம டீய வச்சிட்டு உள்ள போனேன். மாட்டுப் பொங்கலுக்குப் போவோம்னும் அதுக்காகத்தான் கேட்டேன். அப்ப அந்த ஏச்சு எனக்கு வர வேண்டியதுதானே? ஒங்களுக்கு ஏன் விடணும்?”

பன்னிரண்டு நாளாக எனக்காகச் சுமக்கப்பட்டதாக நான் பெருமைப்பட்ட சிலுவை, எனக்குச் சம்பந்தமே இல்லாதது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு பெரிய கதையின் நடுவில் நிற்கிறேன் என்று நினைத்தேன். ஓரத்தில் ஏணியில்தான் நின்றிருக்கிறேன்.

அண்ணிக்குக் கண் கலங்கியது. “மன்னிச்சிருங்க தம்பி. ஒங்களப் பயமுறுத்திட்டேன்.”

“ஐயோ, நீங்களா என்கிட்ட...!” என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல், ஒரு சட்டியை எடுத்துப் பேப்பர் சுற்றினேன். பேப்பர் கிழிந்தது. அண்ணி அதை வாங்கி ஒழுங்காகச் சுற்றினார். முப்பத்தொரு வருஷமாக நான் கிழித்ததையெல்லாம் இப்படித்தான்.

அடுத்த சட்டியை எடுத்து நீட்டிக்கொண்டே கேட்டேன்.

“அப்ப... இன்னும் நேரம் இருக்கு அண்ணி. மிஸ்கிட்ட நானே போயிச் சொல்றேன், வேணாம்னு. அண்ணனையும் நான் பாத்துக்கிறேன். யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. இப்ப ஒங்க வாயால சொல்லுங்க, அந்தக் கடை ஒங்களுக்கு வேணுமா, வேணாமா?”

வழக்கம்போல ஏதாவது வேலை ஏவுவார் என்று காத்திருந்தேன். அண்ணி கையிலிருந்த சட்டியை மடியில் இறக்கி வைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்தார்.

“வேணும்” என்றார். “என் பேருல இருக்குறது எனக்கு வேணும்.”